சோலார், ஏசி, போர் மோட்டார் மாட்டும் தொழிலா? டெல்டாவில் இன்சூரன்ஸை இப்படி எடுங்கள்

தஞ்சாவூர், திருவாரூர், நாகை, மயிலாடுதுறைப் பக்கம் சோலார் பேனல், ஏசி, சிசிடிவி, போர் மோட்டார் என்று எதையாவது மாட்டிக் கொடுக்கும் தொழில் செய்பவரிடம் "இன்சூரன்ஸ் இருக்கா?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குட்டி யானையின் ஆர்.சி.யோடு மடித்து வைத்திருக்கும் வண்டி இன்சூரன்ஸ்தான் வெளியே வரும். சரி, அது வண்டிக்கு. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு அடுத்தவர் வீட்டு மொட்டை மாடியில் ஏறி, தளத்தில் துளை போட்டு, கரண்ட்டில் கை வைத்து, லட்சக்கணக்கில் பொருளை இறக்கி வேலை பார்க்கிறீர்களே, அதற்கு என்ன இருக்கிறது?

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி உங்கள் வேலையை நேரில் வந்து பார்ப்பதில்லை, பாலிசிக் காகிதத்தில் எழுதியிருப்பதைத்தான் பார்க்கிறது. விண்ணப்பத்தில் "எலெக்ட்ரிகல் கடை" என்று எழுதிவிட்டு மூன்றாவது மாடி விளிம்பில் ஆள் ஏற்றி ஸ்ட்ரக்சர் (பேனலைத் தாங்கும் சட்டகம்) அடித்தால், அந்த ஆளுக்கு ஏதாவது ஆகும்போது அந்தக் காகிதம் உதவாமல் போகலாம். அதனால் எந்தப் பாலிசி எடுத்தாலும், என்ன வேலை, எவ்வளவு உயரம், எத்தனை பேர், எந்தெந்த மாவட்டம், வெல்டிங் உண்டா, மின் இணைப்பு வேலை உண்டா என்று உள்ளது உள்ளபடி எழுதிக் கொடுங்கள். பிரீமியம் கொஞ்சம் ஏறும், ஏறட்டும்.

ஆட்களிலிருந்து ஆரம்பியுங்கள்

கையில் இருக்கும் காசுக்கு ஒரே ஒரு பாலிசிதான் எடுக்க முடியும் என்றால், ஆட்களுக்கான நஷ்டஈட்டுப் பாலிசியை எடுங்கள். இதை ஏஜெண்டுகள் இன்றும் டபிள்யூ.சி. (வொர்க்மென்ஸ் காம்பன்சேஷன்) பாலிசி என்பார்கள், புதிய பெயர் எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன், இரண்டும் ஒன்றுதான். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை பார்க்கும் இடத்துக்குத்தான் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) வரும். நம்மைப் போல நாலைந்து பேரை வைத்து ஓட்டுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் கிடையாது. ஆக, வேலையில் ஆளுக்கு அடிபட்டால் சட்டப்படி பொறுப்பு முழுக்க உங்கள் தலையில்தான்.

எவ்வளவு பொறுப்பு என்று கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் புரியும். 1923ஆம் வருடத்து நஷ்டஈட்டுச் சட்டத்தின் கணக்கு இது. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டம் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, ஆனால் கணக்குப் போடும் முறை மாறவில்லை. இறந்துபோனால் மாதச் சம்பளத்தில் பாதியை வயதுக்கேற்ற ஒரு எண்ணால் பெருக்க வேண்டும். 30 வயதுக்கு அந்த எண் 207.98. 2020இல் மத்திய அரசு அறிவித்த சம்பள உச்சவரம்பு 15,000 ரூபாய், அதில் பாதி 7,500. பெருக்கினால் 15,59,850 ரூபாய். ஆள் இன்னும் இளையவராக இருந்தால் இன்னும் கூடும். நிரந்தரமாக எந்த வேலையும் செய்ய முடியாமல் முடங்கிப்போனால் பாதிக்குப் பதில் 60 சதவீதம். தவிர, மருத்துவச் செலவு தனி. ஒரு மாதத்துக்குள் கட்டவில்லை என்றால் வருடத்துக்கு 12 சதவீத வட்டி, தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் தொகையில் பாதி வரைக்கும் அபராதம். இந்த அபராதத்தைப் பொதுவாக எந்த இன்சூரன்ஸ் கம்பெனியும் ஏற்காது, அது உங்கள் கையிலிருந்துதான் போகும்.

"அவன் ஒரு நாள் கூலிக்கு வந்தவன், நம்ம ஆளே இல்லை" என்ற பேச்சு செல்லாது. தற்காலிக ஆளுக்கு இருந்த விலக்கை 2000ஆம் வருடத் திருத்தத்திலேயே எடுத்துவிட்டார்கள். காலையில் டீக்கடையில் கூட்டிக்கொண்டு வந்து சாயங்காலம் கூலி கொடுத்து அனுப்பும் ஆளும் உங்கள் ஆள்தான். நீங்கள் ஒரு மேஸ்திரிக்கு சப் கான்ட்ராக்ட் விட்டால் அவர் ஆட்களுக்கும் நீங்கள் பதில் சொல்ல வேண்டி வரும். நீங்களே ஒரு பெரிய சோலார் கம்பெனிக்கு சப் கான்ட்ராக்ட் எடுத்திருந்தால், அந்தக் கம்பெனி முதலில் கட்டிவிட்டு உங்களிடம் திருப்பிக் கேட்கும். இதனால்தான் பாலிசி எடுக்கும்போது சப் கான்ட்ராக்டர் ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும், தானாக அவர்கள் சேரமாட்டார்கள். குடித்துவிட்டு வந்து விழுந்தான் என்று சொல்லியும் தப்பிக்க முடியாது. சின்னக் காயத்துக்கு அந்த வாதம் எடுபடலாம், சாவுக்கும் நிரந்தர முடக்கத்துக்கும் எடுபடாது.

நம் ஊரில் ரொம்ப நடக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆள் இறந்துபோனால் ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, ஒரு தொகையைக் குடும்பத்தின் கையில் கொடுத்து, ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்கிவிடுவது. கொடுப்பவர் நல்ல எண்ணத்தில்தான் கொடுப்பார், ஆனால் சாவுக்கான நஷ்டஈட்டைத் தொழிலாளர் துறையின் உரிய அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். நேரடியாகக் கொடுத்தது நஷ்டஈடு என்று கணக்கில் வராது, மூன்று மாதச் சம்பளம் வரைக்கும் முன்பணமாகக் கொடுக்கலாம், அவ்வளவுதான். அந்தக் குடும்பம் பிறகு வழக்குப் போட்டால் முழுத் தொகையும் மறுபடி கட்ட வேண்டி வரும். அந்தக் குடும்பத்துக்குச் சேர வேண்டியது முழுசாகச் சேர வேண்டும் என்று நினைக்கிறவர்கள் பாலிசி எடுத்து, முறையாகக் கட்டுவதுதான் அவர்களுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

பிரீமியம் எப்படி வருகிறது என்றால், எத்தனை பேர், வருடத்துக்கு மொத்தம் எவ்வளவு கூலி, என்ன வகை வேலை என்ற மூன்றையும் வைத்து. ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால் பெயர் எழுதாமல் எண்ணிக்கை மட்டும் வைத்துக் கொடுப்பார்களா என்று கேளுங்கள், கொடுக்கும் கம்பெனிகள் உண்டு. ஆறு பேர் வேலை பார்க்கிற இடத்தில் இரண்டு பேர் என்று எழுதுவது, 900 ரூபாய் கூலியை 300 என்று காட்டுவது, இதெல்லாம் வேண்டவே வேண்டாம். பிரதமர் சூர்ய கர் (வீட்டுக் கூரை சோலார் மானியத் திட்டம்) வேலைகள் குவியும் மாதத்தில் அதிகபட்சம் எத்தனை பேர் இருப்பார்களோ அந்த எண்ணிக்கையைக் கொடுங்கள். அப்புறம், மருத்துவச் செலவுக்கான கூடுதல் கவர் இருக்கிறதா, எவ்வளவு வரம்பு என்று பாலிசியில் விரல் வைத்துப் பாருங்கள், அடிப்படைப் பாலிசியில் பல நேரம் அது இருக்காது. ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஆளுக்கு முதல் நாளிலேயே தேவைப்படுவது அதுதான்.

வீட்டிலிருந்து வேலைக்கு வரும் வழியில், திரும்பும் வழியில் நடக்கும் விபத்தையும், வேலையோடு தொடர்பு நிரூபணமானால், வேலையில் நடந்ததாகவே புதிய சட்டத் தொகுப்பு எடுத்துக்கொள்கிறது. பட்டுக்கோட்டையிலிருந்து விடிகாலையில் டூவீலரில் கிளம்பி வேதாரண்யம் சைட்டுக்கு வரும் பையனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பாலிசி இதற்கு ஈடு கொடுக்கிறதா என்று எழுத்தில் கேட்டு வாங்கி வையுங்கள்.

வங்கிக் கணக்கு மூலம் எடுக்கும் 20 ரூபாய் விபத்துக் காப்பீடும் (2 லட்சம்), 436 ரூபாய் ஆயுள் காப்பீடும் (2 லட்சம், 50 வயதுக்குள் சேர வேண்டும்) எல்லா ஆட்களுக்கும் போட்டு வையுங்கள், கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்திலும் பதியச் சொல்லுங்கள். இவையெல்லாம் அந்தக் குடும்பத்துக்குக் கூடுதல் உதவி. உங்கள் சட்டப் பொறுப்பு இவற்றால் ஒரு ரூபாய்கூடக் குறையாது.

அடுத்தவர் வீடு, அடுத்தவர் பொருள்

கும்பகோணம் தெருக்களில் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், வீட்டுக்கு வீடு சுவர் ஒட்டியிருக்கும், நீங்கள் ஒரு மாடியில் கழற்றி வைத்த கிளாம்ப் அடுத்த வீட்டு ஓட்டில்தான் போய் விழும், கீழே பள்ளிக்கூடப் பிள்ளை போய்க்கொண்டிருக்கும். வெளி ஆட்களுக்கும் அவர்கள் சொத்துக்கும் உங்கள் வேலையால் வரும் சேதத்துக்கு எடுப்பதுதான் பொது லயபிலிட்டி பாலிசி. கம்பெனிகள் கமர்ஷியல் ஜெனரல் லயபிலிட்டி, சுருக்கமாக சி.ஜி.எல். என்று சொல்வதும் இந்த வகைதான். ஏஜெண்டிடம் கேட்க வேண்டிய கேள்விகள் இதில்தான் அதிகம்.

வேலை முடித்துக் கொடுத்துவிட்டு வந்த பிறகு வரும் சேதத்துக்கும் ஈடு உண்டா என்பது முதல் கேள்வி. மாட்டிக் கொடுத்து மூன்று மாதம் கழித்து இணைப்பு சூடாகி வீட்டில் தீப்பிடித்தால் அப்போது நீங்கள் சைட்டிலேயே இருக்கமாட்டீர்கள், ஆனால் கேஸ் உங்கள் மேல்தான் வரும். அடுத்தது, எந்தத் தேதியை வைத்துக் கணக்கு என்பது. சேதம் நடந்த தேதியில் பாலிசி இருந்தால் போதும் என்பது ஒரு வகை, சேதம் பற்றிய கோரிக்கை வரும் தேதியிலும் பாலிசி உயிரோடு இருக்க வேண்டும் என்பது இன்னொரு வகை. இரண்டாவது வகையாக இருந்தால் ஒரு வருடம்கூட விடாமல் புதுப்பிக்க வேண்டும், இடையில் விட்டால் பழைய வேலைகள் எல்லாம் அந்தரத்தில் நின்றுவிடும். மூன்றாவதாக, நீங்கள் கையில் எடுத்து வேலை பார்க்கும் வாடிக்கையாளர் பொருளுக்கு ஈடு உண்டா என்று கேளுங்கள். பழைய ஏசியைக் கழற்றி இறக்கும்போது கை நழுவிப் போனால், "உங்கள் பொறுப்பில் இருந்த பொருள்" என்று சொல்லி லயபிலிட்டி பாலிசி பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்ளும்.

ஒழுகல் விஷயத்துக்குத் தனியாக வருகிறேன், டெல்டாவில் இதுதான் அதிகம் வரும் சண்டை. தட்டோடு பதித்த பழைய தளத்தில் துளை போட்டு ஸ்ட்ரக்சர் நிறுத்துகிறோம், புரட்டாசி வரைக்கும் ஒன்றும் தெரியாது, ஐப்பசி அடைமழையில் உள்ளே சொட்ட ஆரம்பிக்கும். உங்கள் வேலையைத் திருப்பிச் செய்து கொடுக்கும் செலவு, அதாவது துளையை அடைப்பது, வாட்டர்ப்ரூஃப் போடுவது, இதை எந்தப் பாலிசியும் தராது, அது உங்கள் தொழில் பொறுப்பு. ஆனால் அந்தத் தண்ணீர் இறங்கிக் கெட்டுப்போன வாடிக்கையாளரின் ஃபால்ஸ் சீலிங், டிவி, பீரோ இவற்றுக்கான நஷ்டம் பாலிசியைப் பொறுத்து வரலாம். வேலை ஆரம்பிக்கும் முன்பே தளத்தையும், கீழே இருக்கும் அறைகளின் மேற்கூரையையும் தேதியோடு போட்டோ எடுத்து, வீட்டுக்காரர் வாட்ஸ்அப்புக்கும் அனுப்பிவிடுங்கள். ஏற்கனவே இருந்த கசிவு எது, நீங்கள் செய்தது எது என்ற வாக்குவாதம் அங்கேயே முடிந்துவிடும்.

பொருள் வண்டி ஏறியதிலிருந்து ஒப்படைக்கும் வரை

கோயம்புத்தூரிலிருந்தோ சென்னையிலிருந்தோ பேனல் வரும்போது உடைந்தால் யார் பொறுப்பு என்பதை ஆர்டர் போடும்போதே பேசுங்கள். "எக்ஸ் கோடவுன்" விலைக்கு வாங்கினால் கோடவுன் வாசலைத் தாண்டியதும் அது உங்கள் பொருள். உள்நாட்டுச் சரக்குப் போக்குவரத்துக்கு மெரைன் என்ற பெயரிலேயே டிரான்சிட் பாலிசி இருக்கிறது, லாரிக்கும் பொருந்தும். ஒரு லோடுக்கும் எடுக்கலாம், வருடம் முழுக்க வரும் லோடுகளுக்குச் சேர்த்து ஓப்பன் பாலிசியாகவும் எடுக்கலாம். கண்ணாடிப் பொருள் என்பதால் எல்லா இடரும் அடங்கும் 'ஏ' வகை ஷரத்தைக் கேளுங்கள், அதற்குக் கீழே உள்ள வகைகளில் ஏற்றி இறக்கும்போது உடைவது எல்லாம் வராது. பெட்டி நசுங்கி வந்தால் டெலிவரி எடுக்கும்போதே எல்.ஆர். (லாரி ரசீது) காகிதத்தில் சேதம் என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். லாரி கம்பெனிக்கு எழுத்தில் நோட்டீஸும் கொடுக்க வேண்டும், புக்கிங் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும் என்று சாலைவழிச் சரக்குச் சட்டம் சொல்கிறது.

சைட்டில் இறக்கியதிலிருந்து ஓட்டிப் பார்த்து ஒப்படைக்கும் வரைக்கும் எரெக்‌ஷன் ஆல் ரிஸ்க், சுருக்கமாக ஈ.ஏ.ஆர். பாலிசி. கட்டடம் கட்டுபவர்களுக்கு சி.ஏ.ஆர்., இயந்திரம் நிறுவுபவர்களுக்கு ஈ.ஏ.ஆர்., மாற்றி எடுத்துவிடாதீர்கள். ரைஸ் மில் கூரையில் 50 கிலோவாட் போடுவது, கல்யாண மண்டபத்துக்கு முழு ஏசி போடுவது மாதிரி வேலைகளுக்கு இது கட்டாயம் வேண்டும் என்பேன். சின்ன வீட்டு வேலைகளுக்கு ஒவ்வொன்றாக எடுத்தால் கட்டுப்படியாகாது, வருட டர்ன்ஓவரை வைத்து மொத்தமாகத் தருவார்களா என்று கேளுங்கள். தொகையைப் போடும்போது பேனல், இன்வெர்ட்டர் விலையோடு வண்டி வாடகை, கூலி எல்லாம் சேர்த்து முழு மதிப்பைப் போடுங்கள். 20 லட்சம் பொருளை 10 லட்சம் என்று காட்டினால், 2 லட்சம் சேதத்துக்கு 1 லட்சம்தான் கணக்காகும், அதிலும் உங்கள் பங்கு கழிந்துதான் கைக்கு வரும்.

வேலை முடிந்தும் நெட் மீட்டர் (சோலார் கரண்ட்டையும் கணக்கிடும் மின்வாரிய மீட்டர்) வராமல் நிற்கும் நாட்கள்தான் ஆபத்தானவை. பேனல் மாடியில் இருக்கிறது, பணம் பாதி வரவில்லை, யாருடைய பொருள் என்றே சொல்ல முடியாத நிலை. ஈ.ஏ.ஆரில் ஓட்டிப் பார்க்கும் காலம் பெரும்பாலும் நாலு வாரம் அளவுக்குத்தான் இருக்கும், மின்வாரியத்தில் தாமதமாகும் என்று தெரிந்தால் முடியும் முன்பே நீட்டித்துக்கொள்ளுங்கள். ஒப்படைத்ததும் கையெழுத்து வாங்கி, வீட்டுக்காரரிடம் "உங்க வீட்டு இன்சூரன்ஸில் இதைச் சேர்த்துடுங்க" என்று சொல்லிவிடுங்கள். பாரத் கிருஹ ரக்ஷா என்ற வீட்டுப் பாலிசியில் கட்டடம் என்பதற்குள்ளேயே சோலார் பேனலும் அடங்கும், மதிப்பைக் கூட்டி எழுதினால் போதும்.

உங்கள் கடை, கோடவுன் சரக்குக்கு பாரத் சூக்ஷ்ம உத்யம் சுரக்ஷா, 5 கோடி வரைக்கும். தீ, புயல், வெள்ளம் எல்லாம் அதில் உண்டு. டிரில்லிங் மிஷின், கிரைண்டர், மீட்டர் மாதிரியான கருவிகளுக்குத் திருட்டுப் பாலிசி எடுப்பதானால் ஒன்று கவனியுங்கள்: பூட்டை உடைத்துத் திருடினால்தான் அது வரும், திறந்து கிடந்த சைட்டிலிருந்து காணாமல் போனால் வராது. அப்புறம் வண்டி. குட்டி யானையின் பின்னால் பேனலோடு சேர்ந்து ஆட்களும் உட்கார்ந்து போவதை நிறுத்துங்கள். சீட் கணக்குக்கு மேல் ஏற்றிப் போய் விபத்தானால் கேஸ் வருடக்கணக்கில் இழுக்கும், அதைவிட ஆள் போய்விட்டால் போனதுதான்.

ஐப்பசிக்கு முன்னால்

2018 நவம்பர் 16 கஜாவை இங்கே யாரும் மறக்கவில்லை. 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது. அதனால் புயல், வெள்ள இடர் உங்கள் எல்லாப் பாலிசியிலும் இருக்கிறதா என்று ஆவணி மாதத்திலேயே பார்த்துவிடுங்கள். வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் உருவான பிறகு போய்க் கேட்டால் புதிதாகப் பாலிசி கொடுக்கக் கம்பெனிகள் தயங்கும். இயற்கைச் சீற்றத்துக்கு, நீங்கள் முதலில் தாங்க வேண்டிய தொகை மற்ற சேதங்களைவிடக் கூடுதலாக இருக்கும், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இன்வெர்ட்டரைத் தரையில் வைக்கக்கூடாது, பொருளைத் தண்ணீர் நிற்காத இடத்தில் அடுக்க வேண்டும் என்ற மாதிரி நிபந்தனைகள் பாலிசியில் இருந்தால் அதைப் படித்து மேஸ்திரிக்கும் சொல்லுங்கள்.

பிரீமியம் பணம் கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தால்தான் பாலிசிக்கு உயிர். செக் திரும்பினால் கவர் இல்லை. ஏஜெண்ட் கையில் கொடுத்தேன் என்பதைவிட நேராகக் கம்பெனிக் கணக்குக்கே அனுப்புங்கள். தொழில் பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, சாதாரண முறையில் வரி கட்டுபவர்கள் உள்ளீட்டு வரியாகக் கழித்துக்கொள்ளலாம், காம்போசிஷனில் (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரி முறை) இருப்பவர்களுக்கு முடியாது.

ஏதாவது நடந்துவிட்டால்

முதலில் ஆளைப் பாருங்கள். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது வேலையில் அடிபட்டது என்று உண்மையைச் சொல்லிப் பதிவு செய்யுங்கள், ஏ.ஆர். (ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேடு) காப்பி வாங்குங்கள். பயந்துகொண்டு "வீட்டில் வழுக்கி விழுந்தார்" என்று சொல்லிவிட்டால் பிறகு நஷ்டஈடு வாங்குவது அந்தக் குடும்பத்துக்கே கஷ்டமாகிவிடும். போலீஸ் புகார் தேவைப்படும் விபத்து என்றால் சி.எஸ்.ஆர். (புகாரைப் பெற்றதற்குப் போலீஸ் தரும் ரசீது) அல்லது எஃப்.ஐ.ஆர். நகல் வாங்குங்கள். அன்றைக்கே கம்பெனிக்கு ஈமெயில், போனில் சொன்னது மட்டும் போதாது.

வாடிக்கையாளர் பொருள் சேதமாகி நாலு பேர் கூடிச் சத்தம் போடும்போது "முழுசும் நான் தந்துடறேன்" என்று எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கம்பெனியின் சம்மதம் இல்லாமல் பொறுப்பை ஒப்புக்கொள்ளக்கூடாது என்பது லயபிலிட்டி பாலிசியின் நிபந்தனை. "இன்சூரன்ஸுக்குச் சொல்லியிருக்கேன், சர்வேயர் வருவார், உங்களுக்கு நஷ்டம் வராமல் பார்க்கிறேன்" என்று பக்குவமாகச் சொல்லுங்கள். சர்வேயர் (சேதத்தை மதிப்பிடக் கம்பெனி அனுப்புபவர்) வந்து பார்க்கும் வரை உடைந்த பேனலைக் குப்பையில் போடாதீர்கள், வெள்ளத்தில் மூழ்கிய இன்வெர்ட்டரை ஆன் செய்து பார்க்காதீர்கள்.

ஆள் வருகைப் பதிவேடு ஒரு நாற்பது பக்க நோட்டில் இருந்தாலும் போதும், ஆனால் தினமும் எழுதியிருக்க வேண்டும். கூலியை முடிந்தவரை ஜிபே மாதிரி வழியில் கொடுங்கள், இவர் என்னிடம் வேலை பார்த்தார், இவ்வளவு கூலி என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை.

கிளெய்மை மறுத்தாலோ ரொம்பக் குறைத்துக் கொடுத்தாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு எழுதுங்கள், இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் பீமா பரோசா தளத்திலும் பதியலாம். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்சூரன்ஸ் குறைகளை விசாரிக்கும் அதிகாரி) போகலாம். தனி உரிமையாளராகவோ குறுந்தொழிலாகவோ இருக்க வேண்டும், உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) எடுத்து வைத்திருந்தால் குறுந்தொழில் என்று காட்ட அது உதவும். 50 லட்சம் வரைக்குமான வழக்குகளை அவர் விசாரிப்பார், கட்டணம் கிடையாது, வக்கீல் வேண்டாம், கம்பெனி மறுத்ததிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். காரைக்காலில் தொழில் செய்பவர்களுக்கும் இதே சென்னை அலுவலகம்தான்.